கரும்புக் காட்டுத் தேனீக்களை இடம் மாற்றும் வேலை: சில அனுபவங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்பிலிருந்து வெருலம், டோங்காட் வரைக்கும் எங்கள் பாட்டன் பூட்டன் வெட்டிய கரும்புக் காடுகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. கரும்பு இருந்த இடத்தில் வீட்டுமனை, கிடங்கு, சாலை. 2010-இல் லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்த பிறகு இந்தப் பக்கத்தின் முகமே மாறிவிட்டது. வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தங்கை குடும்பமே அப்படி ஒரு புதுக் குடியிருப்பில்தான் இருக்கிறது. ஆனால் கரும்புத் தோட்டத்தில் கரும்பு மட்டும் இருப்பதில்லை. இரண்டு மேட்டுக்கு நடுவே ஓடை, ஓடைக்கரையில் நம் நாவல் மரத்துக்குப் பங்காளியான உம்டோனி, காட்டு வாழைப் புதர், எந்தக் காலத்திலோ நட்ட யூகலிப்டஸ் வரிசை, கரும்புத் தொழிலாளர்கள் தங்கிய, இப்போது ஆள் இல்லாத பழைய பாரக் வீடுகள், கைவிட்ட சிமெண்டுக் குழாய்கள் எல்லாம் இருக்கும். இவற்றில் எங்கு வேண்டுமானாலும் தேனீ குடியிருக்கலாம். நிலத்தைச் சுத்தம் செய்யும்போது முதலில் போவதும் இவைதான்.

எனக்குப் பள்ளிக்கூட வேலை. சனி ஞாயிறு என்றால் தேனீ. வெருலத்தில் இருந்த மாமா ஒருவர் யூகலிப்டஸ் தோப்பில் பெட்டி வைத்திருந்தார். அவரிடம் சின்ன வயதில் கற்றுக்கொண்டது. இப்போது நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, சுத்தம் செய்யப்போகும் நிலங்களிலிருந்து காட்டுத் தேனீக் கூடுகளை எடுத்து வேறு இடத்தில் குடிவைக்கிறோம். இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. ஒரு கூடு பிழைக்குமா பிழைக்காதா என்பது எந்திரம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த நிலத்தை யாராவது நடந்து சுற்றிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் என்றால், எங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் காலம் கடந்தவை. டி.எல்.பி, அதாவது மண் தோண்டும் எந்திரத்தின் வாளி, மரத்தில் இடித்திருக்கும். ஓட்டுநர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பார். யாரோ ஒருவர் கையில் பெட்ரோல் டின் இருக்கும். ஒரு இடத்தில் நாங்கள் போய்ச் சேருவதற்குள் கொளுத்தியே விட்டார்கள். பாதி எரிந்த அடையில் புழுக்கள் அப்படியே இருந்தன. அந்தக் கூட்டை அழிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டு வாரம் முன்னால் ஒரு தகவல் வந்திருந்தால் ஒரு சாயங்கால வேலை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது.

தமிழ்நாட்டில், இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு இங்கத்தியத் தேனீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த அடுக்குத் தேனீ பொந்துக்குள்ளும் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும், சாது. மலைத்தேனீ பாறையிலும் உயரமான கிளையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். சீண்டினால் கூட்டமாகப் பாயும். எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் இருக்கும் ஆப்பிரிக்கத் தேனீ, அதாவது ஏபிஸ் மெல்லிஃபெரா ஸ்குட்டெல்லாட்டா, குடியிருப்பில் முன்னதைப் போல, கோபத்தில் பின்னதைப் போல. 1956-இல் ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டுபோன ராணிகளின் கூட்டங்கள் தப்பிப் பெருகியதால்தான் அமெரிக்கக் கண்டத்தில் 'கொலைகாரத் தேனீ' என்ற பேச்சே வந்தது. அந்தப் பெயரை நான் ஏற்பதில்லை. தேன்வளைக்கரடி, காட்டுத் தீ, மனிதன் என்று ஆயிரமாயிரம் வருஷமாகக் கொள்ளை கொடுத்துவரும் இனம் இது. வீட்டைக் காக்கத் தெரிந்தது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

அதைச் சீண்டுவது எது என்று தெரிந்தால் பாதி ஆபத்து குறையும். அதிர்வு, டீசல் புகை, கூட்டுக்கு நேரே விடும் மூச்சு, கறுப்புத் துணி. டி.எல்.பி, சங்கிலி ரம்பம், புல்வெட்டும் எந்திரம் மூன்றும் இதில் பெரும்பாலானதை ஒன்றாகக் கொடுக்கின்றன. ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். பழுத்த வாழைப்பழ வாசனை மாதிரி இருக்கும். அதுதான் மற்ற தேனீக்களுக்கு அழைப்பு. வாழைப்பழ வாசனை மூக்கில் பட்டால் நாங்கள் கையில் இருப்பதை வைத்துவிட்டு விலகிவிடுவோம், விவாதமே கிடையாது. புகை போடுவதற்கு ஒரு காரணம் அந்த வாசனையை மறைப்பது. இன்னொரு காரணம், புகை பட்டதும் தீ வந்துவிட்டது என்று தேனீக்கள் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்வது. அதற்கு அவற்றுக்குச் சில நிமிஷம் தேவை. புகை போட்ட உடனே பலகையைப் பெயர்ப்பவர்கள் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

சரி, நிலத்தை நடந்து பார்ப்பது எப்படி? கூடு கண்ணில் படுவது அபூர்வம். பறக்கும் பாதைதான் தெரியும். வெயில் சாய்ந்த நேரத்தில் மரத்தடிக்குப் போய்ச் சூரியன் பக்கமாகப் பார்த்தால், ஒரே கோட்டில் போய்வரும் தேனீக்கள் பொடிப்பொடியாக மின்னும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு பொந்து, ஒரு விரிசல், ஒரு கரையான் புற்று வரும். வாசலைச் சுற்றிப் பிசின் பூசிப் பழுப்பாகப் பளபளத்தால் அது பழைய கூடு. அணைக்கட்டு ஓரத்துச் சேற்றில் தண்ணீர் குடிக்கும் தேனீக்களையும் கவனிப்போம். குடித்துவிட்டு அவை எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்தால் தேடும் இடம் பாதியாகச் சுருங்கும். மரத்தில் காது வைத்துக் கேட்பதும் உண்டு. தரையோடு தரையாக இருக்கும் தண்ணீர் மீட்டர்ப் பெட்டி, கவிழ்ந்து கிடக்கும் டயர், பாதி புதைந்த குழாய் இவற்றை விட்டுவிடக் கூடாது. டி.எல்.பி ஓட்டுநர்களுக்கு எதிர்பாராமல் ஆபத்து வருவது மரத்திலிருந்து அதிகம் இல்லை, இந்தத் தரைமட்டக் கூடுகளிலிருந்துதான்.

இதையெல்லாம் விட வேகமான வழி, கேட்பது. எங்களோடு வேலை செய்யும் ஜுலுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார்; நாங்கள் எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பு வெட்டியவர். புது நிலத்துக்குப் போனால் அவர் முதலில் வெட்டுக்காரர்கள் தங்கும் பக்கம் போய் உட்கார்ந்து, குடும்பம் குழந்தைகுட்டியெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, கடைசியில்தான் தேனீ பேச்சை எடுப்பார். கரும்புக்குத் தீ வைக்கும்போது எந்தப் பக்கம் எட்டிப் போக வேண்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி. நாங்கள் நாள் முழுக்க நடந்து கண்டுபிடிப்பதை அவர் ஒரு டம்ளர் டீயில் கேட்டு வந்துவிடுவார்.

கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டத்தையும், குடியிருக்கும் கூட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அடை எதுவும் இல்லாமல் தேனீக்கள் மட்டும் கொத்தாகத் தொங்கினால், அது பிரிந்து வந்த கூட்டம். வீடு தேடிக்கொண்டு தங்கியிருக்கிறது. ஓரிரு நாளில் தானே போய்விடும். காப்பாற்றப் புழுவோ தேனோ இல்லாததால் அவ்வளவாகக் கோபப்படாது. அந்தப் பக்கம் வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் போதும், அல்லது ஒரு பெட்டியில் உதறி எடுத்துவிடலாம். அப்புறம், காய்ந்த மரக்கட்டையில் சுத்தமான வட்டமாக ஓட்டை போட்டுக் கறுப்பாகப் பெரிதாக ஒரு வண்டு போய்வந்தால் அது தச்சுத் தேனீ, தனியாக வாழ்வது. அந்தக் கட்டையை எரிக்காமல் வேலி ஓரத்தில் நகர்த்திப் போடுங்கள். அதற்கு அதுவே பெரிய உதவி.

கூடு தெரிந்த பிறகு முதல் கேள்வி, அதை எடுக்கத்தான் வேண்டுமா? வெண் மில்க்வுட் மரம் 1998-ஆம் வருஷத்துக் காடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம். உரிமம் இல்லாமல் வெட்ட முடியாது. அப்படிப்பட்ட மரத்தில் கூடு இருந்தால் மரமும் நிற்கும், கூடும் நிற்கும். ஓடைக்கரைப் பட்டை எப்படியும் கட்டடம் வராத பகுதி என்றால், வேலை முடியும் வரை கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதும். எடுக்காமல் விட்ட கூடுகள்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தவை.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், வழி இடத்தைப் பொறுத்தது. எனக்கு மிகவும் பிடித்தது மரத்துண்டோடு எடுப்பது. வெருலம் பக்கம் ஒரு தோட்டத்தில் பாரக் இருந்த காலத்து மாரியம்மன் கோவில், தகரக் கொட்டகை. அம்மனை வேறு கோவிலுக்குக் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. வாசலில் நின்ற மலைவேம்பு மட்டும் பாக்கி. இங்கே அதைச் சிரிங்கா என்பார்கள். வேப்ப மரம் இல்லாத இடத்தில் அம்மனுக்கு இந்த இலைதான். ஆனால் அரசாங்கத்தின் வந்தேறித் தாவரப் பட்டியலில் அதுவும் இருக்கிறது; அதனால் சுத்தம் செய்பவர்கள் முதலில் பெயிண்ட் அடித்துக் குறித்த மரமும் அதுதான். அடிமரத்தில், என் தலைக்குக் கொஞ்சம் மேலே, பொந்து. உள்ளே பல வருஷத்துக் கூடு. கோவிலைப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, "அம்மா குடியிருந்த மரம் தம்பி, மரத்த வெட்டிக்கோங்க, அதுங்கள மட்டும் சாகடிச்சிடாதீங்க" என்றார். நிலத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரரின் ஃபோர்மனும் நம் ஆள்தான். "சரிங்க தாத்தா, ஒரு நாள் தள்ளி வெச்சுக்கிறேன்" என்று ஒத்துக்கொண்டார்.

செய்த முறை இதுதான். பகலில் மரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொந்து எங்கிருந்து எதுவரை ஓடுகிறது என்று சாக்பீஸால் குறித்தோம். போனில் மாட்டும் குழாய்க் கேமராவை ஒரு விரிசல் வழியாக விட்டு, அடைகள் எந்தப் பக்கமாகத் தொங்குகின்றன என்று பார்த்தோம். இது ரொம்ப முக்கியம். அடை என்பது மேலிருந்து தொங்கும் மெழுகுச் சுவர். தேன் நிறைந்தால் கனம் அதிகம். மரத்துண்டைச் சாய்த்தே ஆக வேண்டும் என்றால், அடையின் விளிம்பு கீழே வரும்படிதான் சாய்க்க வேண்டும். தட்டையாகப் படுக்கவைத்தால் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, ராணியும் புழுவும் தேனில் மூழ்கும். முடிந்தவரை நிமிர்த்தியே வைப்பது நல்லது.

முதலில் மேல்கிளைகளை எல்லாம் பகலிலேயே தூரத்தில் நின்று கயிறு கட்டி இறக்கினார்கள். அதற்கே தேனீக்கள் கிளம்பி வந்தன. அடங்கும் வரை காத்திருந்தோம். பொழுது சாய்ந்து, வெளியே போனவை திரும்பிய பிறகு, வாசலுக்குக் கம்பி வலை அடித்தோம். டி.எல்.பியின் கையில் பட்டை கட்டி மரத்துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். பொந்தின் மேல் முனைக்கு அரை மீட்டர் மேலேயும், கீழ் முனைக்கு அரை மீட்டர் கீழேயும் அறுப்பு. எந்திரத்தின் கை பிடித்திருந்ததால் துண்டு விழவில்லை, மெதுவாக இறங்கியது. மேலே தகரம், வாசலில் வலை, காற்றுக்குப் பக்கவாட்டு விரிசலிலும் வலை. பக்கி என்னும் சின்னத் திறந்த லாரியின் பின்னால் நிமிர்த்திக் கட்டி, அந்த ராத்திரியே கொண்டுபோனோம். புது இடத்தில் வாசல் பழைய திசையையே பார்க்கும்படி நிறுத்தினோம். அது இன்றும் மரத்துண்டாகவே நிற்கிறது. பெட்டிக்கு மாற்றச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். புழு, தேன், மகரந்தம், ராணி எதுவும் கலையாமல் வந்த குடும்பத்தை நாம் ஏன் கலைக்க வேண்டும்?

பாரக் சுவரில் அப்படிச் செய்ய முடியாது. வெளியே தகரம், உள்ளே பலகை, இரண்டுக்கும் நடுவே கூடு. அங்கே அடைகளை அறுத்து, பெட்டிக்குள் வைக்கும் மரச்சட்டத்தில் கட்டித்தான் எடுக்க வேண்டும். என் ஆயா பிறந்ததும் இப்படி ஒரு பாரக்கில்தான் என்பதால் அந்தப் பலகைகளைப் பெயர்ப்பது எனக்கு லேசான வேலை இல்லை. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு ஆரம்பிப்போம். வேலை முடியும்போது இருட்ட வேண்டும், ஏனென்றால் இருட்டில் தேனீ பறக்காது, ஊர்ந்துதான் வரும். புகைக்குக் காய்ந்த மாட்டுச் சாணி, சுத்தமான சணல் சாக்கு. பலகையை எடுத்ததும் ஒரு போட்டோ. எந்த அடைக்குப் பக்கத்தில் எந்த அடை என்று பின்னால் தெரிய வேண்டும்.

புழு இருக்கும் அடைகளைத்தான் முதலில் எடுப்போம். சட்டத்தின் அளவுக்கு வெட்டி, உள்ளே வைத்து, ரப்பர் பேண்டு போடுவோம். தேனீக்கள் அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, ரப்பரைக் கடித்து வெளியே போட்டுவிடும். மேல் பக்கம் மேலாகவே இருக்க வேண்டும். அடையின் கண்ணறைகள் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், தலைகீழானால் எல்லாம் கெடும். புழு அடைகள் பெட்டியின் நடுவில், கூட்டில் இருந்த அதே வரிசையில். புழுக்களுக்கு 34, 35 டிகிரிச் சூடு வேண்டும், அதனால் வெளியே எடுத்த அடையைப் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. முற்றிய தேன் அடைகளை மூடிபோட்ட வாளியில் தனியாக வைப்போம். உடைந்து ஒழுகும் தேன் அடையைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. கூட்டு வண்டு என்று ஒன்று உண்டு, இந்தக் கண்டத்துக்கே சொந்தமான சின்னக் கறுப்பு வண்டு. கலைந்த கூட்டின் உடைந்த அடையில் முட்டையிட்டால், அதன் புழுக்கள் சில நாளில் எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். பலமான கூடு அதைத் துரத்திவிடும். நேற்றுத்தான் வீடு மாறிய கூடு திணறும்.

ராணியைக் கண்டுபிடிப்பது இந்த இனத்தில் கஷ்டம். ஐரோப்பியத் தேனீ அடையில் அப்படியே நிற்கும். இவை ஓடும், மூலையில் கொத்தாகத் தொங்கும். ராணியும் இருட்டான மூலைக்கு ஓடிவிடும். கண்ணில் பட்டால் சின்னக் கூண்டில் பிடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். படாவிட்டாலும் கவலை இல்லை, பெட்டி வாசலைப் பாருங்கள். சில தேனீக்கள் வாசலில் நின்று, தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிச் சிறகடித்தால், எலுமிச்சைப் புல் மாதிரி ஒரு வாசனை வரும். ராணி உள்ளே வந்துவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்த பிறகு மீதிக் கூட்டம் தானாக நடந்து உள்ளே போகும். முழுக்க இருட்டும் வரை பெட்டியை அந்த இடத்தை விட்டு நகர்த்த வேண்டாம். வெளியே போனவை வர வேண்டும். கடைசி நேரத்தில் வெளிச்சம் தேவை என்றால் சிவப்பு விளக்கு. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது.

சிமெண்டுக் குழாய், பாறை இடுக்கு மாதிரி திறக்கவே முடியாத இடங்களுக்குக் கூம்பு வழி. மற்ற ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டு, வாசலில் கம்பி வலையால் ஒரு நீளக் கூம்பு. நுனியில் ஒரு தேனீ வெளியே வரும் அளவுக்கு மட்டும் துளை. வெளியே வந்தது திரும்ப உள்ளே போக வழி தெரியாமல், பக்கத்தில் வைத்த பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியில் முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டம், வேறு நல்ல கூட்டிலிருந்து எடுத்து, வைத்திருக்க வேண்டும். பழைய ராணி பெரும்பாலும் வெளியே வராது. பெட்டிக்கு வந்தவை அந்த இளம்புழுவிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து ராணி வெளிவர ஏறக்குறைய 15, 16 நாள். பிறகு அது இணைசேர்ந்து முட்டையிட மேலும் இரண்டு வாரம் ஆகலாம். ஆக, இந்த முறைக்கு ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும், உள்ளே இருக்கும் புழுக்கள் போய்விடும். எனக்குப் பிடிக்காத முறை. ஆனால் பெட்ரோலுக்கு இது எவ்வளவோ மேல். ஒரு மாதம் முன்பே நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்தக் குழாய்க் கூடுகளே காரணம்.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே கல்யாண முருங்கை இனத்து மரங்கள் சிவப்பாகப் பூக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் எடுக்கும் கூடுகள் நன்றாகத் தேறுகின்றன. முன்னால் பூக்காலம் இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் கூட்டங்கள் பிரிந்து வீடு தேடும். அதற்கு முன்பே நிலத்தின் ஓரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, ஐந்து மரச்சட்டம் கொள்ளும் பெட்டிகளைப் பழைய அடைத் துண்டும் ஒரு சொட்டு எலுமிச்சைப் புல் எண்ணெயும் வைத்துத் தொங்கவிட்டால், பிரியும் கூட்டங்கள் சுவருக்கும் குழாய்க்கும் போகாமல் அதில் வந்து குடியேறும். கலைக்காமல், கொட்டு வாங்காமல் கிடைக்கும் கூடு.

எடுத்துச் செல்லும்போது சூடுதான் எமன். வாசலை அடைத்ததும் உள்ளே பதற்றம், பதற்றத்தில் சூடு ஏறும், அடை இளகிச் சரியும். மேல்மூடிக்குப் பதில் முழுக்கக் கம்பி வலை போட்டு, ராத்திரியில் மட்டும் ஓட்டுங்கள். வழியில் டீக்கு நிறுத்தாதீர்கள். வண்டி ஓடும்போது வரும் காற்றுதான் அவற்றுக்கு உயிர். புது இடம் 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது நல்லது. அதைவிடக் கிட்டத்தில் வைத்தால், தெரிந்த வழியில் பறந்து பழைய இடத்துக்கே போய்க் காலி மண்ணைச் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் வாசலைத் திறக்கும் முன் ஒரு இலைக்கொத்தை வாசலுக்கு எதிரே சாய்த்துவைப்போம். தடங்கல் இருப்பதைப் பார்த்ததும் நின்று, வட்டமடித்து, புது இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகும்.

இந்த நாட்டில் மறக்கவே கூடாத ஒரு எல்லை இருக்கிறது. கேப் பகுதித் தேனீ வேறு இனம். அதன் வேலைக்காரத் தேனீ, ஆண் துணை இல்லாமலே பெண் தேனீக்களைப் பெறும். 1990-இல் அந்தக் கூடுகளை வடக்கே கொண்டுபோனதால், அவை ஸ்குட்டெல்லாட்டாக் கூடுகளுக்குள் புகுந்து முட்டையிட்டு, ஏராளமான கூடுகளை அழித்தன. அதனால் இரண்டு இனத்துக்கும் நடுவே சட்டப்படி ஒரு கோடு உண்டு. கூட்டை அதைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. தேனீ வைத்திருப்பவர் வேளாண் துறையில் பதிவு செய்து, பெட்டியில் பதிவு எண் போட வேண்டும். நிலக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், எடுக்கும் இடத்துக்கும் வைக்கும் இடத்துக்கும்.

வைக்கும் இடம் வீடு, நடைபாதை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி இருக்கட்டும். கட்டிப்போட்ட நாய், ஆடு, குதிரை பக்கத்தில் இருக்கவே கூடாது; ஓட முடியாத பிராணிதான் முதலில் சாகும். எங்கள் கூடுகள் பெரும்பாலும் மக்கடேமியா, லிச்சித் தோட்டங்களின் ஓரத்து யூகலிப்டஸ் நிழலுக்குப் போகின்றன. தோட்டக்காரருக்கு மகரந்தச் சேர்க்கை, தேனீக்குப் பூ. பெட்டியின் கால்களைப் பழைய எண்ணெய் ஊற்றிய டப்பாவில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது.

கூட்டம் ஓடிப்போவது இந்த இனத்தின் பழக்கம். பிடிக்கவில்லை என்றால் புழுவையும் விட்டுவிட்டுப் போய்விடும். முதல் சில நாள் வாசலில் ராணி தடுப்புப் பட்டை போட்டால் ராணி வெளியேற முடியாது, அது இல்லாமல் மற்றவை போகாது. புழுக்களுக்கு ஆகாரம் ஊட்டி, மகரந்தம் கொண்டுவர ஆரம்பித்துவிட்டால் பட்டையை எடுத்துவிடலாம். ஆண் தேனீக்களும் அதில் மாட்டிக்கொள்ளும், ரொம்ப நாள் விடக் கூடாது. பூ குறைவாக இருந்தால் சரிக்குச் சரி சர்க்கரையும் தண்ணீரும் கரைத்து, பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கடைத் தேன் வேண்டாம். அமெரிக்கப் புழு அழுகல் நோய் தேன் வழியாகப் பரவும். மேற்கு கேப்பில் அது 2009 வாக்கில் உறுதியாகி எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது. வாரத்துக்கு ஒருமுறை வெளியே நின்று பாருங்கள், பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

வேலையாட்களின் பாதுகாப்பைப் பற்றி நாங்கள் காலையில் எந்திரத்தைக் கிளப்பும் முன் ஐந்து நிமிஷம் பேசுவோம், ஜுலுவில் பாபா, ஆங்கிலத்தில் நான். தேனீ கிளம்பினால் கை வீசாதே, முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு நேராக ஓடு, வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்க் கதவைச் சாத்து. அணைக்கட்டில் குதிக்காதே, மேலே வரும் வரை அவை காத்திருக்கும். கொடுக்கை எப்படி எடுக்கிறாய் என்பது முக்கியமில்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாய் என்பதுதான். முன்பு கொட்டி மூச்சு முட்டியவர்கள் இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே வர வேண்டாம். மூச்சு இழுப்பு, நாக்கு உதடு வீக்கம், தலைசுற்றல் எதுவாக இருந்தாலும் 10177 என்ற ஆம்புலன்ஸ் எண்ணுக்கு உடனே போன், 'பார்த்துக்கொள்ளலாம்' கிடையாது. வாட்டசாட்டமான ஆட்கள்தான் இதைக் கேட்க மறுப்பார்கள். அவர்களிடம் இரண்டாவது முறையும் சொல்ல வேண்டும்.

சுவர் இடிபடாமல் நிற்கப்போகிறது என்றால், கூடு எடுத்த பொந்தை மெழுகு சுரண்டி, கழுவி, நிரப்பி அடைத்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் அந்த வாசனைக்கே வேறு கூட்டம் வரும். முன்பு மருந்து அடித்த கூடு என்றால் அந்தத் தேனும் மெழுகும் யாருக்கும் வேண்டாம், தேனீக்களுக்கும் வேண்டாம். ஆழமாகப் புதைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள, எடுப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் கேட்டுவைப்போம்.

கடைசியாகப் பண விஷயம், எல்லோரும் கேட்பது. பெட்டி, சட்டம், பக்கிக்குப் பெட்ரோல், பாபாவின் நாள் கூலி இவற்றை நிலக்காரர் தருகிறார். எங்கள் உழைப்புக்கு நாங்கள் வாங்குவதில்லை. எடுத்த கூட்டின் தேனை நாங்கள் விற்பதும் இல்லை, முதல் வருஷம் அது முழுக்கத் தேனீக்களுக்கே. ஒப்பந்தக்காரர்களிடம் இப்போது ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குகிறோம்: சுத்தம் செய்யும் தேதிக்கு ஆறு வாரம் முன்பு எங்களை நிலத்துக்குள் விட வேண்டும், நாங்கள் நாடா கட்டிய மரத்தையும் குழாயையும் நாங்கள் அவிழ்க்கும் வரை தொடக் கூடாது. அந்த வெருலம் ஃபோர்மன் இப்போது தன் ஒவ்வொரு புது வேலைக்கும் தானே முதலில் போன் போட்டுவிடுகிறார்.